ஃபிலிப் ஆக்ரியை இன்று மறுபடி வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதற்காக இந்தப் பக்கம்?

லாரி வாடகைத் தொழிலுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன். ஃபிலிப் ஆக்ரி 1994ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான் நான் அத்தனை வருடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. அதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் பேசுகிறேன், அவர்களும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆக்ரி யார்?

அமெரிக்கர், 1960ல் பிறந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் படித்து 1989ல் முனைவர் பட்டம் வாங்கினார். நிரல் எழுதத் தெரிந்த ஆள், அதுவும் அந்தக் காலத்தில் அந்தத் துறையின் மையமாக இருந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதியவர். அப்புறம் கணினிகள் மனிதர்களின் வேலையையும் வாழ்க்கையையும் எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் பக்கம் நகர்ந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலும் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலும் பேராசிரியராக இருந்தார். 1990களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் ‘ரெட் ராக் ஈட்டர்’ என்ற பெயரில் இணையம், அரசியல், அந்தரங்கம் பற்றிய செய்திகளையும் தன் குறிப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் ஒரு குழந்தைகள் விடுகதையிலிருந்து எடுத்தது.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு வேலையைக் கணினி பதிவு செய்ய வேண்டுமென்றால், முதலில் அந்த வேலையையே கணினிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நம்மில் பலர் நினைப்பது வேறு: நாம் பாட்டுக்கு வேலை செய்கிறோம், கணினி ஓரமாக நின்று குறித்துக்கொள்கிறது என்று. அப்படி நடப்பதில்லை என்றார் ஆக்ரி. குறித்துக்கொள்வதற்கு வசதியாக வேலை முன்கூட்டியே வெட்டி ஒட்டப்படுகிறது. எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்களோ அவர்கள் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பது அவரைப் படித்து நான் எடுத்துக்கொண்டது.

இது வெறும் கண்காணிப்புதானே? புதிதாக என்ன இருக்கிறது?

எல்லோரும் கேட்கிற கேள்வி. 1994 கட்டுரையே இதைப் பற்றித்தான். அந்தரங்கம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு கண். சுவரில் ஒரு கேமரா, எங்கோ ஒரு அரசாங்க அறை, அதில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். இதைக் ‘கண்காணிப்பு மாதிரி’ (மாடல்) என்று ஆக்ரி பெயரிட்டார். இந்தப் படத்தில் பார்க்கிறவர் ஒளிந்திருப்பார், பார்க்கப்படுகிறவர் தன் போக்கில் இருப்பார், பார்ப்பதால் அவர் செய்கிற வேலை மாறாது, கண்ணுக்குப் பின்னால் ஏதோ கெட்ட எண்ணம் இருக்கும்.

ஆனால் அப்போதே அலுவலகங்களில் நடந்துகொண்டிருந்தது இந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்று ஒன்று செய்திருந்தார்கள். சட்டையில் குத்திக்கொண்டால் நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று அகச்சிவப்புக் கதிர் மூலம் சில நொடிகளுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். அதைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தொலைபேசி அழைப்பைச் சரியான அறைக்கு மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆளும் ஒளிந்து பார்க்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிகளும் அதே சமயத்தில்தான் ஓட்டுநர் கையில் ஒரு சின்னக் கணினியைக் கொடுத்தன, கையெழுத்தை அதன் திரையிலேயே வாங்கச் சொன்னார்கள்.

இந்த இரண்டாவது வகைக்கு அவர் ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘கேப்சர்’ (capture), அதை நான் ‘பிடிப்பு’ என்று சொல்கிறேன். கணினித் துறையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, தரவை உள்ளே வாங்குவது ஒன்று, ஒரு விஷயத்தின் சாரத்தைச் சரியாக மாதிரியில் கொண்டுவருவது இன்னொன்று. தமிழில் பிடி என்ற வினை இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. படம் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், சம்பளத்தில் பிடித்தம் செய்கிறோம். மூன்றும் இதில் இருக்கிறது.

ஐந்து படிகள் என்று ஏதோ சொல்வார்களே, அது என்ன?

பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த வரிசை. பகுத்தல், கோத்தல், திணித்தல், கருவி பூட்டுதல், விரித்தல் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். பெயர்களை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது, அதனால் நான் செய்த வேலையையே உதாரணமாகச் சொல்கிறேன்.

ஒரு லாரி உரிமையாளர் எங்களிடம் வந்தார், கம்பெனிப் பெயர் வேண்டாம். வண்டிகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, ஏன் என்று தெரிய வேண்டும் என்றார். நானும் இன்னொருவரும் இரண்டு டிரிப் லாரியிலேயே போனோம். லோடு ஏற்றுவது, பில் வாங்குவது, கிளம்புவது, செக்போஸ்ட், சாப்பாடு, தூக்கம், குடோன் வாசலில் காத்திருப்பது, லோடு இறக்குவது என்று எழுதிக்கொண்டு வந்தோம். இது பகுத்தல், அதாவது வேலையின் அடிப்படைத் துண்டுகள் எவை என்று முடிவு செய்வது. அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரலாம் என்று கோத்தோம். லோடு ஏற்றியதாக அழுத்தாமல் கிளம்பியதாக அழுத்த முடியாது, கிளம்பாமல் செக்போஸ்ட் கிடையாது. இந்த இரண்டு படியும் பார்ப்பதற்கு வெறும் எழுத்து வேலைதான், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. இனிமேல் இந்த வரிசைப்படிதான் வேலை நடக்க வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொல்லியாயிற்று. அதுவரை முன்னே பின்னே நடந்துகொண்டிருந்தது, நடுவில் தங்கச்சி வீட்டில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வருவது, இன்னொரு வண்டிக்கு ஜாக்கி கொடுக்க நிற்பது எல்லாம் சேர்ந்ததுதான் டிரிப். அவற்றுக்கு இப்போது பெயர் இல்லை. நான்காவதாக எல்லோர் கைப்பேசியிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தோம். வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஒரு பெட்டி திறக்கும், ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று. டிராஃபிக், பஞ்சர், பிரேக்டவுன், செக்போஸ்ட், லோடிங், ஓய்வு. ஆறில் ஒன்றை அழுத்தினால்தான் பெட்டி மூடும்.

ஐந்தாவது படி விரித்தல், அதாவது சேர்ந்த பதிவுகளை வைத்து அடுத்தடுத்து என்னென்ன செய்யலாமோ அதையெல்லாம் செய்வது. எட்டு மாதம் கழித்து அறிக்கை எடுத்துப் பார்த்தால் தாமதங்களில் பெரும்பாலானவை பஞ்சர். உரிமையாளர் டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார், வேறு கடைக்கு மாறினார். பஞ்சர் குறையவில்லை. ஒருநாள் ஒரு மூத்த ஓட்டுநர் என்னிடம் நிதானமாகச் சொன்னார்: “தம்பி, ஓய்வுன்னு போட்டா ஆபீஸ்ல இருந்து போன் வருது. செக்போஸ்ட்னு போட்டா எந்த செக்போஸ்ட்னு கேக்குது. பஞ்சர்னு போட்டா ஒண்ணும் கேக்கல.” நான்தான் அந்தப் பட்டியலை எழுதினேன், பஞ்சருக்கு மட்டும் துணைக்கேள்வி வைக்காமல் விட்டதும் நான்தான். அந்த எட்டு மாதமும் அவர்கள் அத்தனை பேரும் எங்கே நின்றார்கள், ஏன் நின்றார்கள், எத்தனை பேர் தூக்கம் தாங்காமல் சாலையோரம் நிறுத்தினார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

‘செயல் இலக்கணம்’ என்று அவர் சொல்வது இதைத்தானா?

இதைத்தான். துண்டுகளையும் அவற்றைக் கோக்கும் விதிகளையும் சேர்த்து செயலுக்கான இலக்கணம் என்றார். தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல வழி இருக்கிறது. எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். முதலில் மக்கள் பேசுவார்கள், எழுதுவார்கள், அதைப் பார்த்துப் பிறகு இலக்கண ஆசிரியர் விதி எழுதுவார், மொழி மாறினால் புதியன புகுதலுக்கும் அதில் இடம் வைப்பார். பிடிப்பில் முதல் படி மட்டும் இப்படி நடக்கிறது, ஓரிரு நாள் பார்த்து விதி எழுதுகிறார்கள். அப்புறம் வரிசை தலைகீழாகிவிடுகிறது. விதிக்குள் வராத பேச்சைப் பேசவே முடியாது, ஏனென்றால் பொத்தானே இல்லை.

இதில் நான் மதிக்கிற விஷயம், ஆக்ரி இதை ஒரு சதியாகக் காட்டவில்லை. செய்கிறவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாகத்தான் நினைக்கிறார்கள், ஏற்கெனவே இருக்கிற ஒழுங்கைத்தான் பதிவு செய்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நூறு வருடத்துக்கு முன் ஃபிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று தொழிலாளியை அளந்தாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

சொந்தக்காரர்கள்தான், ஆக்ரியே அந்த உறவைச் சொல்லியிருக்கிறார். ஆனால் டெய்லர் காலத்தில் அளப்பது ஒரு வேலை, செய்வது இன்னொரு வேலை. அளக்க வந்தவர் போய்விட்டால் மேஸ்திரி கண்ணசைவில் பழைய வழக்கம் திரும்பிவிடும். பிடிப்பில் வேலையைச் செய்வதும் அதைப் பதிவு செய்வதும் ஒரே அசைவு. பார்கோடைக் காட்டாமல் பொட்டலத்தை எடுக்க முடியாது, ஓடிபி வாங்காமல் பயணத்தைத் தொடங்க முடியாது. அளப்பவர் போகவே மாட்டார், ஏனென்றால் அவர் கருவிக்குள்ளேயே இருக்கிறார்.

இதனால் யாருக்கு லாபம்?

அவர் இங்கே பொருளாதாரத்துக்குள் போகிறார், கட்டுரையின் கடினமான பகுதி இது. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பெயரிட்டு, எண்ணி, சரிபார்க்க முடிந்தால் அதைத் துண்டு துண்டாகவே விலைபேச முடியும். முன்பு ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஆள் தேடி, பேரம் பேசி, முடித்தாரா என்று பார்ப்பது பெரிய செலவு என்பது. பதிவு சுலபமாகும்போது அந்தச் செலவு குறைகிறது, உள்ளே இருந்த வேலை சந்தைக்கு வருகிறது. ஒரு ‘ஆர்டர்’, ஒரு ‘டிரிப்’, ஒரு ‘டாஸ்க்’ என்று வெளியே நிற்கிறவருக்குக் கொடுக்க முடிகிறது.

கட்டுரை வந்த 1994ல்தான் அமேசானே ஜூலை மாதத்தில் பதிவாயிற்று. உபர் வர இன்னும் 15 வருடம் இருந்தது. தீர்க்கதரிசி என்று அவரைச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, அவர் எதிர்காலத்தைப் பார்க்கவே இல்லை, கண்முன் இருந்த பேட்ஜையும் கைக்கணினியையும் உற்றுப் பார்த்து அவை எந்தத் தர்க்கத்தில் இயங்குகின்றன என்று எழுதினார், அந்தத் தர்க்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் இதைப் பார்க்க முடிகிறதா?

அவர் இந்தியாவைப் பற்றி எழுதவில்லை, ஆனால் அவர் எழுதிய பொருள்கள் இங்கே வந்துவிட்டன. சுங்கச்சாவடி ஒரு நேரடி உதாரணம். நெடுஞ்சாலையில் மின்னணு முறையில் சுங்கம் வசூலிப்பது அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த 1990களின் நடுவிலேயே அவர் அதைப் பற்றி நிறைய எழுதினார். அவர் கவலை எளிமையானது: சாவடிக்கு வேண்டியது பணம், வண்டியில் போகிறவர் யார் என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம் தொழில்நுட்பத்தில் இல்லை, பெயரில்லாமல் கட்டும் வழியும் சாத்தியம். ஆனால் முதலில் எந்த வடிவம் நிலைபெறுகிறதோ அதற்குப் பின் மாற்றுவது மிகக் கடினம். இங்கே 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, வண்டி எண்ணோடும் வங்கிக் கணக்கு அல்லது வாலட்டோடும் சேர்த்தே. பெயரில்லாமல் கட்டலாமா என்ற கேள்வி எவ்வளவு பேர் காதில் விழுந்தது?

இன்னொன்று நூறு நாள் வேலை. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் வருகைப்பதிவைக் கைப்பேசிச் செயலியில்தான் போட வேண்டும், இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் ஒரு நாளைக்கு இரண்டு என்று ஆக்கினார்கள். வேலை என்றால் வாய்க்கால் வெட்டுவது, ஏரிக்கரை போடுவது. செயலிக்கு வேலை என்றால் இரண்டு படம். காலையிலேயே தன் பங்கை வெட்டி முடித்துவிட்ட பாட்டி இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது, சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் அன்றைக்கு அவர் செய்த வேலை பதிவில் இருக்காது. ஊழலைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது, சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. ஏமாற்றுகிறவருக்குச் செயலியின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டால் போதுமாக இருந்தது.

முக அடையாளம் பற்றி அவர் எழுதியது?

“உங்கள் முகம் பார்கோடு அல்ல” என்ற பொருளில் தலைப்பிட்டு 2001ல் எழுதினார். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் டாம்பா நகரில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்களின் முகங்களை அவர்களுக்கே தெரியாமல் கேமராவில் எடுத்துப் போலீஸ் படங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். கட்டுரை நேரானது, கோபமானது, எல்லோருக்கும் புரியும். கடவுச்சொல்லை மாற்றலாம், அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரலாம், முகத்தை என்ன செய்வது? பொது இடத்தில் யாரும் உங்களைப் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்ற வாதத்தையும் எடுத்து உடைக்கிறார், பார்ப்பது வேறு, பார்த்ததைப் பெயரோடும் மற்ற பதிவுகளோடும் இணைத்து வைப்பது வேறு என்று. இந்தத் தொழில்நுட்பம் ஆபத்தாக இருக்கும் அளவுக்கு நன்றாக வேலை செய்யும், ஆபத்தாக இருக்கும் அளவுக்கு மோசமாகவும் வேலை செய்யும் என்பது அவர் வாதம்.

2020 ஜனவரியில் டெட்ராய்ட் அருகே ஒரு கறுப்பினத்தவரை, கடையில் கைக்கடிகாரம் திருடியதாக, மனைவி குழந்தைகள் கண்முன் கைது செய்தார்கள். மங்கலான கேமராப் படத்துக்கு மென்பொருள் கொடுத்த பொருத்தம் தவறு. ஏறக்குறைய 30 மணி நேரம் காவலில் இருந்தார். 2024ல் நகர நிர்வாகம் 3 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்தக் குழந்தைகள் பார்த்ததை எதைக் கொடுத்து முடிப்பது?

இணையம் மக்களுக்கு அதிகாரம் கொடுக்கும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில் அவர் என்ன சொன்னார்?

1996 பிப்ரவரியில் இணைய உரிமை ஆர்வலர் ஜான் பெர்ரி பார்லோ சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம் எழுதினார், அரசுகளுக்கு இங்கே இடமில்லை என்று. அந்த உற்சாகம்தான் அப்போது எங்கும். ஆக்ரி அதற்கு எதிர்ப்பாட்டும் பாடவில்லை. இணையம் புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே சமூகத்தில் இருக்கிற சக்திகளைப் பெருக்கித் தருகிறது என்றார், 2002ல் வெளியான கட்டுரையில் இதை விரிவாக எழுதினார். ஒன்றுக்கொன்று எதிரான சக்திகள் இரண்டும் பெருகும், எது ஜெயிக்கும் என்பது வயரில் எழுதியிருக்காது, கட்சி, நீதிமன்றம், சங்கம், பத்திரிகை என்று நிறுவனங்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

ஊர்த்திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டையும் பெருக்கும், சண்டையையும் பெருக்கும். மைக் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படியானால் அவர் தொழில்நுட்பத்துக்கு எதிரியா?

இல்லவே இல்லை. 1987ல் சக மாணவர் டேவிட் சாப்மனோடு சேர்ந்து ‘பெங்கி’ என்று ஒரு நிரல் எழுதினார், பெங்கோ என்ற வீடியோ விளையாட்டை ஆடும் நிரல். ஒரு பென்குவின் பனிக்கட்டிகளை உதைத்துத் தள்ளித் தேனீக்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். அந்தக் கால வழக்கப்படி உலகம் முழுவதையும் வரைபடமாக்கி, முழுத் திட்டம் போட்டு, அதன்படி நடக்க வேண்டும். பெங்கி அப்படிச் செய்யவில்லை. ‘தேனீ எண் 37’ என்று அதற்குத் தெரியாது, ‘என்னைத் துரத்துகிற தேனீ’, ‘நான் தள்ளுகிற கட்டி’ என்றுதான் தெரியும். நாமும் அப்படித்தானே நடக்கிறோம், சந்தையில் எதிரே வருகிறவரின் பெயரா தெரியும், ‘என் மேல் மோதப் போகிறவர்’ என்று தெரிந்து விலகுகிறோம்.

இதைச் செய்த அனுபவத்திலிருந்துதான், தொழில்நுட்பம் செய்கிறவர் ஒரு காலைக் கைவேலையிலும் இன்னொரு காலை அந்த வேலையைப் பற்றிய விமர்சனத்திலும் ஊன்றி நிற்க வேண்டும் என்று பிறகு எழுதினார். வெளியே நின்று திட்டுவது சுலபம், உள்ளே நின்று கேள்வி கேட்பதுதான் கடினம் என்று அவருக்குத் தெரியும்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் குறிப்பு, 1996ல் எழுதியது, ஒருவருக்குக் கணினி பயன்படுத்த எப்படி உதவுவது என்று. யாரும் இதைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கற்றுக்கொள்கிறவர் தன்மேல் பழி போட்டுக்கொண்டால் கணினிமேல் பழியைப் போடுங்கள். பக்கத்தில் நின்று குனிந்து பார்க்காமல், உங்கள் கண் அவர் கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி குத்துக்காலிட்டு உட்காருங்கள். அதிகாரம் பற்றிய அவருடைய எழுத்து முழுக்க எனக்கு இந்தக் குத்துக்காலில் இருக்கிறது. நான் இப்போது ஓட்டுநர்களுக்குச் செயலி கற்றுக்கொடுக்கும்போது அப்படித்தான் உட்காருகிறேன், மூட்டு வலிக்கும், ஆனால் அவர்கள் பேசுகிற பேச்சே வேறாகிறது.

அவர் சொன்னதில் இன்று பொருந்தாதது எது?

இரண்டு இடத்தில் எனக்கு வித்தியாசம் இருக்கிறது. பிடிப்பு என்பது ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாக, பரவலாக நடப்பது என்று அவர் வரைந்தார். அது அன்றைக்குச் சரி. இன்றைக்கு அந்தத் தனித்தனிப் பதிவுகள் ஒரு சில பெரிய கம்பெனிகளின் சேமிப்பில் போய்ச் சேர்கின்றன, அங்கிருந்து அரசும் கேட்டு வாங்குகிறது. பிடிப்பில் தொடங்கியது கண்காணிப்பில் முடிகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்று அவரே சொல்லியிருந்தாலும் இவ்வளவு இறுக்கமாகச் சேரும் என்பது அந்தக் கட்டுரையில் இல்லை.

இன்னொன்று செயற்கை நுண்ணறிவு. இப்போதைய இயந்திரங்கள் பொத்தான் கேட்பதில்லை, பேச்சையும் வீடியோவையும் அப்படியே விழுங்குகின்றன, அதனால் இலக்கணம் திணிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். உள்ளே போவது கட்டற்றதாக இருக்கலாம், வெளியே வருவது இன்னும் பெட்டிகள்தான்: ‘சந்தேகத்துக்குரியவர்’, ‘கடன் கொடுக்கலாம்’, ‘சோம்பேறி ஓட்டுநர்’. அந்தப் பெட்டிகளை யாரோ முன்பே எழுதியிருக்கிறார்கள். முன்பாவது ஓட்டுநர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேர்ந்தெடுத்தார், பஞ்சர் என்று அழுத்தித் தப்பிக்கவாவது முடிந்தது.

அவர் இப்போது எங்கே?

2009ல் அவரைக் காணவில்லை என்று அவர் சகோதரி புகார் கொடுத்தார். 2010 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி காவல்துறை அவர் நலமாக இருப்பதாகத் தெரிவித்தது. அதற்குப் பின் அவர் பொதுவில் எழுதவில்லை. தேடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக விடப்படும் உரிமையைப் பற்றி இவ்வளவு எழுதிய ஒருவருக்கு அதையாவது நாம் கொடுக்கலாம்.

என் ஆபீஸில் புதுச் செயலி கொண்டுவரப் போகிறார்கள். ஆக்ரியை வைத்து நான் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது படிக்கு முன்னால் போய் உட்காருங்கள், அதாவது திணிப்பதற்கு முன்னால். பெரும்பாலும் நம்மைக் கூப்பிடுவதே பயிற்சி வகுப்புக்குத்தான், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். துண்டுகளை யார் பிரித்தார்கள், எத்தனை நாள் பார்த்துப் பிரித்தார்கள், நாம் செய்கிற எந்த வேலைக்கு அதில் பெயரில்லை என்று கேளுங்கள். பெயரில்லாத வேலைக்கு நாளைக்குச் சம்பளமும் இருக்காது. சேர்கிற பதிவை விரித்து வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். சங்கம் இருந்தால் சங்கம் மூலமாகக் கேளுங்கள், தனியாளாகக் கேட்டால் கணினிக்குப் பயந்தவர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

எங்கள் செயலியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். காரணப் பெட்டியைக் கட்டாயம் இல்லாததாக்கினோம், அதோடு குரலில் பேசிப் பதிவு செய்யும் வசதி வைத்தோம், அதைக் கேட்கிற பொறுப்பை ஆபீஸில் ஒருவருக்குக் கொடுத்தோம். உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை, அறிக்கையாக எடுக்க முடியவில்லை என்றார். மூன்று மாதம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஓட்டுநர்களில் இரண்டு பேரை அடுத்த பதிப்புக்கான கூட்டத்தில் உட்கார வைக்க ஒத்துக்கொண்டார்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

1994 கட்டுரையை முதலில் எடுக்காதீர்கள், நடுவில் பொருளாதாரப் பகுதியில் மூச்சு முட்டும். கணினி உதவிக் குறிப்பு சின்னதுதான், அதை முதலில் படியுங்கள், அப்புறம் முகம் பற்றியது. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அதற்குப் பிறகு 1994 கட்டுரையை எடுத்து, ஐந்து படிகள் வரும் பகுதியை உங்கள் சொந்த வேலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். 1997ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவர் புத்தகம் நிரல் எழுதுகிறவர்களுக்கு, மற்றவர்கள் முதல் சில அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். யாராவது 1994 கட்டுரையைத் தமிழில் கொண்டுவர நினைத்தால் ‘பிடிப்பு’ என்ற சொல்லைப் பற்றி என்னோடு சண்டை போடலாம், இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.